அப்பத்தா கேட்ட இடத்தில் விளக்கு

சித்தப்பாவுக்கு ஆவணியில் கல்யாணம். அதற்குள் வீட்டைப் பூசி, வெள்ளையடித்து, கரண்டு வேலையையும் முடித்துவிட வேண்டுமென்று ஆடி பிறந்ததுமே தாத்தா ஆள் விட்டார். 1980களின் தொடக்கம் அது. தேனி தனி மாவட்டம் ஆகாத காலம். சின்னமனூர்ப் பக்கத்துக்காரர்களான நாங்களும் அப்போது மதுரை மாவட்டம்தான்.

செங்கலும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய வீடு. லோயர்கேம்ப் மின்நிலையம் 1958இல் ஓடத் தொடங்கியதற்குப் பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்ததாம். தாத்தாவுக்கு அதில் தனிப் பெருமை. குமுளிக்கு மலையேறும்போது, சரிவில் இறங்கும் பெரிய குழாய்களை பஸ் ஜன்னல் வழியாகக் காட்டுவார். “பென்னிகுவிக் கட்டுன அணைத் தண்ணிடா அது. வயலுக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம பல்ப எரிச்சுட்டுப் போகுது” என்பார். 1895இல் பாசனத்துக்காகத் திருப்பிவிட்ட பெரியாற்றுத் தண்ணீர், அறுபது சொச்சம் ஆண்டு கழித்து மலையிறங்கும் வழியிலேயே மின்சாரமும் தர ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பதற்கு முன்பே அது எனக்குப் பாடமாகிவிட்டது.

அந்த வெளிச்சம் வீட்டுக்குள் எங்கெங்கே விழுந்தது என்பதைத்தான் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. திண்ணையில் 60 வாட் குண்டு பல்பு. பட்டாசாலையில் 100 வாட். தாத்தா வரவு செலவு எழுதும் மேசைக்கு மேலே எனாமல் தொப்பி மாட்டிய இன்னொன்று. அடுப்படிக்கு மட்டும் ஒற்றை 25 வாட், அதுவும் வாசல் நிலைக்கு மேலே. விறகடுப்புப் புகை படிந்து படிந்து கண்ணாடி கருஞ்சிவப்பாகிப் போயிருந்தது. அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தன் நிழலுக்குள்ளேயேதான் அப்பத்தா ராத்திரிச் சமையல் முழுவதையும் செய்தாள். அரிசியில் கல் பொறுக்க சொளகைத் தூக்கிக்கொண்டு பட்டாசாலைக்கு வருவாள். அங்கே ஆம்பளைகள் யாராவது பேசிக்கொண்டிருந்தால் திரும்பிப் போய்விடுவாள்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடிக் காற்று சும்மா விடாது. மேற்கு மலையிலிருந்து இறங்கி, திறந்த ஜன்னலில் புகுந்து, கூரையிலிருந்து தொங்கும் பல்பை ஆட்டும். பல்போடு சுவரில் எங்கள் நிழலும் ஆடும். தூண் நிழல் நீண்டு கதவு வரை போய்த் திரும்பும். பயமாகவும் இருக்கும், பார்க்கவும் பிடிக்கும்.

வயர்மேன் சின்னமனூரிலிருந்து சைக்கிளில் வந்தார். முதல் வேலையாகச் சுவிட்சை அணைத்துவிட்டு, ஹோல்டருக்குள் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது. “பாத்தீங்களா, சுவிட்சு நியூட்ரல்ல போட்டிருக்கு. பல்பு அணைஞ்சாலும் ஹோல்டர்ல கரண்டு நிக்கும்” என்றார். இத்தனை வருஷமாக ஈரக்கையோடு பல்பு மாட்டிய வீடு அது. தாத்தா பேச்சே இல்லாமல் நின்றார். தேக்கு ரீப்பரில் கிளிப் அடித்து ஓட்டியிருந்த பழைய வயரை வளைத்ததும், ரப்பர் உறை பொரிந்து துகளாகக் கொட்டியது. உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. பித்தளை மூடி போட்ட வட்டச் சுவிட்சுகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அழகான சாமான்கள். ஆனாலும் மூடியில் கசிவு வந்தால் தொட்டவனைத் தூக்கிப் போடும் என்று சொல்லி, கருப்பு பேக்லைட் சுவிட்சுகளை மாட்டினார். அவர் செய்தது சரி. பழசு என்பதற்காக ஆபத்தைச் சுவரில் வைத்திருக்க முடியாது.

வீட்டுக்கு எர்த்தும் கிடையாது. கிணற்றடியில் குழி தோண்டி இரும்புக் குழாயை இறக்கினார்கள். சுற்றிலும் போட அடுப்புக்கரியும் கல்லுப்பும் வேண்டும் என்றார். கரி ஈரத்தைப் பிடித்துவைக்கும். உப்பு கரைந்து மண்ணில் கரண்டு இறங்க வழி பண்ணும். இரண்டும் அடுப்படியிலிருந்து கூடை கூடையாகப் போயின. “கோடையில இதுக்குத் தண்ணி ஊத்தணும்” என்று அவர் சொன்னதை அப்பத்தா கறாராகப் பிடித்துக்கொண்டாள். வாழைக்கு ஊற்றும்போதே அங்கேயும் ஒரு குடம் போகும்.

கடைசியாக அடுப்படிக்கு வந்தார்கள். வயர்மேன் கூரை நடுவில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அப்பத்தா எழுந்து போய்த் தன் பலகையில் உட்கார்ந்தாள்.

“அங்கன வேணாம்ப்பா.”

“நடுவுல போட்டாத்தான அத்தை பாக்க நல்லாருக்கும்?”

“பாக்குறது யாரு? இங்கன ஒக்காந்து பொங்குறது நானு. அங்கன போட்டா ஏங்கை மேல ஏந்தலை நெழலு விழும். அந்தா, எதுத்த சொவத்துல போடு.”

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு பல்பை நீள வயரில் கோத்து, எதிர்ச் சுவரில் மேலும் கீழும் பிடித்துக் காட்டினார். அப்பத்தா சொளகை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நகர்த்தச் சொன்னாள். வீட்டுக்கு வாங்கியிருந்த நாலடி டியூப்லைட்டுகளில் ஒன்று அந்த இடத்துக்குப் போனது. அது தாத்தாவின் மேசைக்கென்று வைத்திருந்தது.

சாயங்காலம் ஊர் முழுக்க மோட்டார் ஓடும் நேரம், வோல்டேஜ் இறங்கிக் கிடந்தது. டியூப்லைட்டின் இரு முனையும் செம்மஞ்சளாகக் கனன்றன. ஸ்டார்ட்டர் டிக் டிக்கென்றது. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் உலோகத் தகடு சூட்டில் வளைந்து ஒட்டும், ஆறி விலகும். விலகும் கணத்தில் சோக் ஒரு தள்ளுத் தள்ளும். அப்போதுதான் குழாய் பற்றும் என்றார் வயர்மேன். வோல்டேஜ் இல்லாத நாளைக்கு ஒரு குண்டு பல்பும் இருக்கட்டும் என்று அதன் பக்கத்திலேயே மாட்டினார். பலதடவை முயன்று குழாய் பற்றியபோது, அடுப்படிச் சுவரில் அத்தனை வருஷப் புகைக்கரி இருந்தது முதன்முதலாகத் தெரிந்தது. மறுநாளே அப்பத்தா வெள்ளையடிப்பவரைக் கூப்பிட்டு இன்னொரு பூச்சு அடிக்கவைத்தாள்.

கல்யாணத்துக்கு வந்த பெண்கள் மணவறையைவிட அடுப்படியைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா வயர்மேனுக்கு ஆள் விடப் போவதாகச் சொன்னதும், அப்பத்தா அவளைத் தன் பலகையில் உட்காரவைத்து, கையில் சொளகையும் கொடுத்தாள்.

“இப்பிடி ஒக்காந்து பாத்துட்டுச் சொல்லு. ஒங்க வீட்டுல அடுப்பு கெழக்க பாத்துருக்கு, ஒனக்கு எடம் மாறும்.”