எம்-புக்கில் ஏறாத தொட்டி

"இதைக் குடிச்சுப் பாருங்க தம்பி" என்று பாட்டிலை மேசைமேல் வைத்தார் அந்த வார்டு உறுப்பினர் அக்கா. அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஊரைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள்.

சுரங்கத்தால் பாதிக்கப்படும் மக்களுக்கென்றே 2015-இல் சுரங்கச் சட்டத்தில் 9பி பிரிவைச் சேர்த்தார்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை. பழைய குத்தகைதாரர்கள் ராயல்டி போக, அதில் 30 சதவீத அளவுக்குத் தனியாக இதற்குக் கட்ட வேண்டும். ஏலத்தில் எடுத்தவர்கள் 10 சதவீதம். அப்போதைய நெறிமுறைப்படி, சேரும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் குடிநீர், மருத்துவம், கல்வி போன்றவற்றுக்குப் போக வேண்டும். அக்காவின் ஊருக்கு மேல்நிலைத் தொட்டி சாங்ஷன் ஆகியிருந்தது. தொட்டிதான் வரவில்லை.

ரிட் போட்டோம். நிதி முழுவதும் செலவாகிவிட்டது என்று பதில் மனு வந்தது. கூடவே பயன்பாட்டுச் சான்றிதழ். முதல் வாய்தாவில் என்னால் வாய் திறக்க முடியவில்லை.

பிறகு இணைப்புகளைத் தாள் தாளாகப் புரட்டினேன். அறக்கட்டளை ஒரு முகமைக்குப் பணத்தை மாற்றியிருந்தது. அந்த முகமை அதை இன்னொரு துறையிடம் டெபாசிட் வேலையாகக் கட்டியிருந்தது. பணம் கைமாறிய அன்றே, கொடுத்தவர் கணக்கில் அது செலவு. மாற்றியது மார்ச் 28. சான்றிதழ் மார்ச் 31. மூன்று நாளில் எந்தத் தொட்டி எழும்? கடைசித் தாள் வங்கிக் கணக்கு. ஜூன் மாதத்தில் ஒரு வரி: வட்டி வரவு.

"செலவான பணத்துக்கு வங்கி எப்படி வட்டி கொடுக்கும், மை லார்ட்?" என்று அடுத்த வாய்தாவில் கேட்டேன்.

எம்-புக்கைக் கொண்டுவரச் சொன்னார் நீதிபதி. நடந்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் புத்தகம் அது. அதில் ஏறாமல் ஒப்பந்ததாரருக்கு பில் பாஸாகாது. வந்தது. வேலையின் பெயர், மதிப்பீட்டு எண், அதற்குக் கீழே கோடு போட்ட வெற்றுப் பக்கங்கள்.

உதவிப் பொறியாளரை நான் குறை சொல்ல மாட்டேன். இடத்தை ஒப்படையுங்கள் என்று அவர் எழுதிய மூன்று கடிதங்கள் கோப்பிலேயே இருந்தன. பணத்தை யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தணிக்கையாவது தேடியிருக்கும். எல்லார் கணக்கும் நேராக இருந்ததால் யாருமே தேடவில்லை.

இடத்தை உடனே ஒப்படைக்க வேண்டும், வட்டியையும் சேர்த்து அதே வேலையில் போட வேண்டும், மாதந்தோறும் எம்-புக் நகலைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. தொட்டி எழுந்தது. அதற்குள் இரண்டு கோடை போய்விட்டது. முதல் வாய்தாவிலேயே நான் எம்-புக்கைக் கேட்டிருந்தால் ஒரு கோடையாவது மிஞ்சியிருக்கும். அந்தக் கோடை முழுக்க அக்கா பக்கத்து ஊர்க் கிணற்றுக்குக் குடத்தோடு நடந்தார்.