புலிக்கு ஒரு சட்டம்

கல்யாணப் போட்டோ வந்ததும் நாம் முதலில் யாரைப் பார்க்கிறோம்? மாப்பிள்ளையையா, பெண்ணையா? நம் முகம் சரியாக விழுந்திருக்கிறதா என்றுதானே! பாதி முகம் தூணுக்குப் பின்னால் மறைந்திருந்தால் போட்டோக்காரருக்கு அர்ச்சனை ஆரம்பமாகிவிடும். புலிக்கு மட்டும் பேசத் தெரிந்திருந்தால் அதுவும் இப்படித்தான் சண்டைக்கு வந்திருக்கும். "என் வால் எங்கே ஐயா?" என்று கேட்டிருக்கும்.

இந்த ஞானமெல்லாம் எனக்கு என் தங்கை பிள்ளை மூலம் வந்தது. சம்பளத்தில் பாதியைக் காமிராவில் போடுகிறவன். மீதிப் பாதி காடு சுற்றுவதில் போய்விடும். சில வருஷங்களுக்கு முன் மத்திய இந்தியாவில் ஒரு காட்டுக்குப் போய், மூன்று நாள் வெயிலில் வெந்து, ஒரு புலி முகத்தோடு திரும்பி வந்தான். முகம் என்றால் முகம்தான். படம் முழுக்க மீசையும் கண்ணும்!

என் மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "மிருகக்காட்சிசாலையிலே எடுத்ததாடா?" என்றார்.

பிள்ளையின் முகம் சுண்டிவிட்டது. ஆனால் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஒரு புல் இல்லை, மரம் இல்லை. காட்டுப் புலியா, கூண்டுப் புலியா என்று யாரால் சொல்ல முடியும்?

அவன் சமாளித்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தான். "புலி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் இடம் விடணும், பெரியம்மா. இல்லாவிட்டால் சுவரில் முட்டிக்கொள்ளப் போகிற மாதிரி இருக்கும். கண் துல்லியமாக விழணும். ஜீப்பில் உட்கார்ந்தபடி கிட்டத்திலிருந்து கீழே பார்த்து எடுத்தால் புலிகூடப் பூனை மாதிரி தெரியும். சற்றுத் தள்ளி நின்று பெரிய லென்ஸில் எடுத்தால்தான் அதற்கு உரிய கம்பீரம் வரும்" என்றான்.

கோலம் போடுகிறவளுக்கு இது புதிதா, என்ன? வாசல் முழுக்க இழை இழுத்து நிரப்பிவிட்டால் கோலம் எடுபடுமா? சுற்றி விட்ட வெற்றிடமும் கோலத்தைச் சேர்ந்ததுதானே!

பெரிய கைகாரர்கள் புலி வருவதற்கு முன்பே அந்த இடத்தைத் தீர்மானித்துவிடுகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் ஐக்கிய மாகாணத்தில் எப்.டபிள்யூ. சாம்பியன் என்று ஒரு வன அதிகாரி இருந்தார். புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டி, காமிராவையும் வைத்துவிட்டு வந்துவிடுவார். இரவில் புலியின் கால் கம்பியில் பட்டதும் வெளிச்சம் பளிச்சிடும். புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்! 1927-ல் அந்தப் படங்களைப் புத்தகமாகவே போட்டார்.

லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தின் போட்டியில் 2020-ல் முதல் பரிசு வாங்கிய படமும் இந்த வழியில் வந்ததுதான். ரஷ்யாவின் தூரகிழக்குக் காட்டில் செர்கெய் கோர்ஷ்கோவ் ஒரு பழைய மரத்துக்கு எதிரே காமிராவை ஒளித்து வைத்து, பத்து மாதத்துக்கு மேல் காத்திருந்தார். ஒரு பெண் புலி வந்து, தன் வாசனையைப் பதிக்க அந்த மரத்தைக் கட்டிக்கொண்டது. மரத்தை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்திருந்தால் அந்த அணைப்பு ஏது?

அதே போட்டியில் 2016-ல் நகரப் பிரிவில் பரிசு பெற்றவர் நம் நாட்டு நயன் கானோல்கர். மும்பை ஆரே காலனியில், இரவில், வீடுகளின் நடுவே உள்ள சந்தில் ஒரு சிறுத்தை நடந்து போகிறது. அந்தச் சுவர்கள் இருப்பதால்தான் நமக்கு 'ஐயோ, பக்கத்திலே குழந்தைகள் தூங்குமே!' என்று பகீரென்கிறது. 'பாவம், அது வேறு எங்கேதான் போகும்?' என்றும் தோன்றுகிறது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்த பிள்ளை, கடைசியில் ஒரு படத்தை மட்டும் அவசரமாகத் தள்ளினான். நான் விடவில்லை. அதே புலி, அதே நிமிஷம். சின்ன லென்ஸில் எடுத்தது. பாதையின் இருபுறமும் வரிசையாக ஜீப்புகள். ஜீப்புக்கு ஆறு தலை. புலி நடுவிலே, போக வழி தேடிக்கொண்டு நிற்கிறது.

"இது வேண்டாம், பெரியம்மா. படம் கெட்டுப்போச்சு" என்றான்.

"படமா கெட்டது?" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தடவை போனபோது, ஜீப்காரரிடம் பின்னாலேயே நிறுத்தச் சொன்னானாம். அன்று கிடைத்த படத்தில் புலி கட்டைவிரல் அளவுதான். உயரமான மரங்களுக்கு நடுவே, யாரையும் லட்சியம் செய்யாமல், தன் வழியே போய்க்கொண்டிருக்கிறது. அதைத்தான் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ புலிப் படம் கொண்டுவந்து காட்டினால், 'ஆகா!' என்று தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே, "இந்தச் சட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். புலிக்காகக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்?