உபகாரச்சம்பளமும் கடனும்

புதுவையில் அரசினர் பணியினின்றும் ஓய்வுற்ற முதியவர் ஒருவர், மகள் மணத்தின்பொருட்டுப் பட்ட கடனுக்கு நாணி, வேதபுரீசர் சந்நிதிக்குச் செல்லுதலையும் ஒழித்தார். உபகாரச்சம்பளம் முழுதும் ஜப்தியாகுமென்பது அவரது அச்சம். அஃது உண்மையன்று. 1968இல் புதுவைக்கும் நீட்டப்பெற்ற 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, அரசூழியர் உபகாரச்சம்பளத்தை ஜப்தியினின்றும் விலக்குகின்றது. கடன் மட்டும் அதனால் ஒழியாது. சட்டம் காத்ததனைத் தாமே இழப்பார்போல, வங்கி அட்டையை வட்டிக்காரரிடம் ஒப்புவிப்பார் உளர். அந்தோ, இவரும் அதற்கு ஒருப்பட்டிருந்தார்! வழக்கறிஞர் ஒருவர் தடுத்தமையின், உணவுக்கும் மருந்துக்கும் வேண்டுவதை முன்னர் ஒதுக்கி, எஞ்சியதைக் கணக்கெழுதிக்கொண்டு மக்கள் நீதிமன்றத்தை அடைந்தார். ஆங்குக் கட்டணமில்லை, இருவரும் இசைந்தாலன்றித் தீர்வுமில்லை. வட்டி சிறிது குறைந்தது, தவணை நீண்டது. செலுத்துந்தோறும் பற்றுச்சீட்டு வேண்டுமென்பதை மாத்திரம் முதியவர் விட்டுக்கொடுத்திலர்.