கருப்பியின் கால்

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது படிங்க.

நம்ம கோவிலுக்கு வர்றவங்களுக்குக் கருப்பியைத் தெரியாம இருக்காது. ஒரு காது மடிஞ்சிருக்கும், நெஞ்சில மட்டும் கொஞ்சம் வெள்ளை. ரயில் நிலையத்துப் பக்கத்துல இருந்து குட்டியா வந்து சேர்ந்தது. தேய்பிறை அஷ்டமி அன்னிக்குப் பைரவர் பூஜை முடிஞ்சதும் நீங்க எல்லாம் பிஸ்கட் போடுறீங்களே, அதேதான். போன வருஷம் ரெண்டு மாசம் நொண்டிக்கிட்டே திரிஞ்சது ஞாபகம் இருக்கும். ரோட்டுல என்னமோ ஆயிருச்சுன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். நிர்வாகத்துல கேட்டப்பவும் அதேதான் சொன்னேன்.

அது உண்மை இல்லை. அதோட காலைப் பொசுக்கினது நான்தான்.

2024 பங்குனி மாசம். மழை இல்லாம, வெயில் மண்டையைப் பிளந்த நேரம். அன்னிக்கு அன்னதானம், மண்டபம் நிறைஞ்ச கூட்டம். கருப்பி வழக்கம்போல உள்ளே வந்து தூண் ஓரமா படுத்திருச்சு. "சாப்பிடுற இடத்துல நாய் படுத்திருக்கு பாருங்க தம்பி"ன்னு ஒரு அம்மா சொன்னாங்க. அவங்க சொன்னதுல தப்பு இல்லை. நான் விளக்குமாத்தை எடுத்து அதை வெளியே விரட்டிட்டு, கிரில் கதவை இழுத்துச் சாத்தினேன். மணி ஒன்றரை இருக்கும்.

வெளியே காடி நிறுத்துற இடம். அதுக்கு முந்தின மாசம்தான் உபயம் வாங்கிப் புதுசா தார் போட்டிருந்தோம். மை மாதிரி கருப்பு. மாமரத்து நிழல் முழுக்கக் காடிகள். கருப்பி போயிருக்கலாம், ஏதாவது ஒரு காடிக்கு அடியில நுழைஞ்சிருக்கலாம். போகல. கிரில் பக்கத்துல நின்னு என்னையே பார்த்துச்சு. தினமும் சோறு வைக்கிறவன் நான், கூப்பிடுவேன்னு நினைச்சிருக்கும். ஒரு காலைத் தூக்கும், கீழே வைக்கும், அடுத்த காலைத் தூக்கும். "ஐயா, உங்க நாய் டான்ஸ் ஆடுது"ன்னு பந்தி பரிமாறுற பையன் ஒருத்தன் சொன்னான். நானும் சிரிச்சேன். சிரிச்சிட்டு சாம்பார் வாளியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டேன்.

மறுநாள் காலையில கோவில் திறக்க வந்தப்போ பிள்ளையார் சன்னதிக்கு முன்னால சிமெண்டுல ஈரமா, லேசான சிவப்புல காலடித் தடம். கருப்பி குழாயடியில படுத்து காலை நக்கிக்கிட்டே இருந்துச்சு. தூக்கிப் பார்த்தா, அடிப்பாதத்துல கருப்பா மெத்தை மாதிரி இருக்குமே, அந்தத் தோல் உரிஞ்சு உள்ளே ரோஸ் கலர்ல தெரிஞ்சது. நாலு கால்லயும். நம்ம பாட்டி வைத்தியம்னு நினைச்சு மஞ்சளையும் தேங்காய் எண்ணெயையும் குழைச்சுப் பூசினேன். அது கத்தின கத்து இன்னும் காதுல இருக்கு.

மிருக டாக்டர்கிட்ட கொண்டு போனேன். சின்னப் பொண்ணு, என் மகள் வயசு. அந்த மஞ்சளைக் கழுவி எடுக்கவே அரை மணி நேரம் ஆச்சு. "அங்கிள், சுட்ட உடனே குழாய்த் தண்ணியில பத்து இருபது நிமிஷம் காலைக் காட்டணும். ஐஸ் வைக்கக்கூடாது, எண்ணெய், மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். வலிக்குதுன்னு நம்ம மாத்திரையைக் கொடுத்துடாதீங்க, நாய்க்கு அது விஷமாயிரும்"னு சொன்னாங்க. மருந்து போட்டு, துணி சுத்தி, நக்காம இருக்கக் கழுத்துல கூம்பு மாட்டி விட்டாங்க. எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. "ரோட்டுல எங்கேயோ"ன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துட்டு வேற எதுவும் கேட்கல.

நான் கையுறைத் தொழிற்சாலையில சூப்பர்வைசர். அடுப்பு, தொட்டி எல்லாத்துக்கும் சூடு பார்க்கத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வச்சிருப்போம், கோவிட் நேரத்துல நெத்தியில காட்டினாங்களே அந்த மாதிரி, ஆனா அடுப்பு சூடும் காட்டும். மனசு கேட்காம ஒருநாள் அதை இரவல் வாங்கி மத்தியானம் ரெண்டு மணிக்குக் கோவிலுக்கு வந்தேன். காத்து சூடு 34 டிகிரி. மாமரத்தடி மண் 33. சாம்பல் சிமெண்டுக் கல் 47. தார் 59. நான் நம்பாம மூணு தடவை அமுக்கிப் பார்த்தேன். புதுசா சேர்ற பையன்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறவன்: 60 டிகிரி தண்ணி கையில பட்டா சில வினாடியிலேயே தோல் வெந்துடும். அவங்களுக்கு சேஃப்டி ஷூ, கையுறை போட்டிருக்காங்களான்னு குனிஞ்சு பார்த்து அபராதம் போடுறவன் நான். கருப்பி நின்னது சில வினாடி இல்லை.

நமக்கும் கோவிலுக்குள்ள செருப்பு கிடையாதுதான். அதனாலதான் பிரகாரத்துல பாய் விரிக்கிறோம், தண்ணி ஊத்துறோம். தமிழ்நாட்டுக் கோவில்கள்லயும் வெயில் காலத்துல தேங்காய் நார் விரிப்பு போடுறாங்க. தீமிதி இறங்குறவங்ககூட விரதம் இருந்து, மனசைத் தயார் பண்ணி, சட்டுனு கடந்துடுறாங்க. கருப்பிக்கு நான் எந்தப் பாயும் விரிக்கல, கதவைத்தான் சாத்தினேன்.

என் தங்கச்சி மகள் கனடாவுல டொரொண்டோவுல இருக்கா. அவகிட்ட மட்டும் இதை அழுதுக்கிட்டே சொன்னேன். அவளும் நாய் வளர்க்கிறா. அங்கே இதுக்கு நேர் எதிர், மாமான்னா. பனிக்காலத்துல நடைபாதையில ஐஸ் உருகறதுக்கு உப்பு கொட்டிடுவாங்களாம். அந்த உப்பு பாதத்துல வெடிப்புக்குள்ள போய் எரியும், நாய் நக்கினா வயித்துக்குள்ளயும் போகும், வாந்தி எடுக்கும். விரலுக்கு நடுவுல பனி உருண்டு கல்லு மாதிரி இறுகிடும். வெளியே போய்ட்டு வந்தா ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான தண்ணியில நாலு காலையும் கழுவித் துடைப்பாளாம். நாய்க்கு பூட்ஸ்கூட வாங்கியிருக்கா. வீடியோவுல காட்டினா, அது தேங்காய்ச் சிரட்டையில கால் மாட்டிக்கிட்ட மாதிரி நடந்துச்சு. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்னிக்குத்தான் சிரிச்சேன்.

நாய்ப் பாதத்துக்குள்ள ரத்தக் குழாய் பின்னிக்கிட்டு இருக்காம். உடம்புல இருந்து வர்ற சூடான ரத்தம், குளிர்ந்து திரும்பற ரத்தத்தைப் பக்கத்துல உரசிச் சூடாக்கி அனுப்புமாம். ஜப்பான்ல ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்கன்னு அவதான் சொன்னா. அதனால பனியில கொஞ்ச நேரம் தாங்கும். கொதிக்கிற தாருக்கு அது உதவாது.

அதைக் கேட்டப்போ எனக்குத் தருமர் ஞாபகம் வந்தது. பாரதத்துல கடைசியில இமயமலை ஏறுறப்போ ஒவ்வொருத்தரா விழுந்துட, ஒரு நாய் மட்டும் தருமர் கூடவே நடந்து வரும். இந்திரன் தேர் கொண்டு வந்து நாயை விட்டுட்டு ஏறுன்னு சொன்னப்போ, நம்பி வந்ததை விடமாட்டேன்னு தருமர் நின்னுட்டார். சின்ன வயசுல எஸ்டேட் கோவில்ல கதை கேட்டப்போ அந்த நாய் தருமதேவதைன்னு தெரிஞ்சதும் கைதட்டினோம். அவ்வளவு பனியில அது எப்படி நடந்திருக்கும்னு அன்னிக்கு எனக்குத் தோணல. சாமியா மாறின பிறகுதான் அது எங்களுக்குக் கண்ணுலயே பட்டுச்சு.

இப்ப ஏன் இதை எழுதுறேன்னா, போன வாரக் கூட்டத்துல நாய்களை நகராண்மைக் கழகத்துக்குச் சொல்லிப் பிடிச்சுட்டுப் போகச் சொல்லலாம்னு ஒரு பேச்சு வந்தது. கருப்பி ஒருத்தரைப் பார்த்து உறுமிடுச்சாம். அன்னிக்கு அவர் கையில விளக்குமாறு இருந்தது. அது ஏன் உறுமிச்சுன்னு அந்தக் கூட்டத்துல எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து தூக்கம் வரல. தலைவருக்கு நேத்து போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேன். "இதை நீங்களே எல்லாருக்கும் சொல்லிடுங்கண்ணே"ன்னார். சொல்லிட்டேன்.

அன்னதான நேரத்துல கருப்பி மண்டபத்துக்குள்ள வராம நான் பார்த்துக்கிறேன், அது என் பொறுப்பு. மாமரத்தடியில ரெண்டு காடி நிறுத்துற இடத்தை மட்டும் விட்டுக் கொடுங்க. தண்ணிச் சட்டி ஒண்ணு வைக்கிறேன். மரத்துல இருந்து குழாயடி வரைக்கும் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்கப் போறேன், செலவு என்னோடது. சிமெண்டுல ஒரு மூலையில அடிச்சு அளந்து பார்த்தேன், 47 இருந்தது 40க்கு இறங்குச்சு. வீட்டுல நாய் வச்சிருக்கிறவங்க, நடக்கக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால புறங்கையை ரோட்டுல ஏழு வினாடி வச்சுப் பாருங்க. வைக்க முடியலன்னா கூட்டிட்டுப் போகாதீங்க. எங்க தாமான்ல ஒருத்தர் ஹஸ்கியை மத்தியானம் மூணு மணிக்கு நடத்திட்டுப் போறார், அவருக்கும் இந்தப் பதிவை அனுப்பிடுங்க.

ஞாயித்துக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெயிண்ட் வேலை. ரெண்டு பேர் கை கொடுத்தா பத்து மணிக்குள்ள முடிச்சுடலாம். கருப்பிக்குக் கால் ஆறிடுச்சு, ஆனா இன்னும் பகல்ல அந்தத் தாரை மிதிக்காது. சுவர் ஓரமா கான் விளிம்புலேயே சுத்திக்கிட்டுத்தான் குழாயடிக்கு வரும்.