தொட்டிக்குள் ஒரு சூரியன்

பவளம் என்றதும் நம் இல்லங்களில் மாலையும் மோதிரமும்தான் நினைவுக்கு வரும். கடலிலுள்ள பவளப்பாறையோ எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. அவ்வுயிர்களின் உடலுக்குள் கண்ணுக்குப் புலப்படாத பாசிகள் குடியிருந்து ஒளியைக் கொண்டு உணவு ஆக்குகின்றன; அதில் பெரும்பங்கை உண்டே பவளம் வாழ்கிறது. கார்த்திகையில் நம் ஊர் மலையுச்சியில் எரியும் தீபத்தை நாம் கண்ணால் காண்கிறோம். பவளமோ ஒளியை உண்கிறது.

சிங்கப்பூரில் வாழும் என் தமக்கை மகனின் வீட்டில் கடல்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. (நம் நாட்டில் கற்பவளங்களை 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது, ஆசைப்படுவோர் இதை மறவாதிருப்பாராக.) நெடுங்காலம் மெட்டல் ஹாலைடு விளக்கின்கீழ் அவன் பவளம் வளர்த்தான். அதன் வெப்பம் கடுமையானது. நீரைக் குளிர்விக்கத் தனி இயந்திரம் ஓட வேண்டும். ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை விளக்கையும் மாற்ற வேண்டும். ஆகவே எல்.இ.டி. விளக்கு வாங்கினான். கடலின் ஆழத்தை எட்டுவது பெரும்பாலும் நீல ஒளியே, நீல எல்.இ.டி.யை ஆக்கித் தந்த அறிஞர் மூவர் 2014இல் நோபல் பரிசு பெற்றனர்.

முதல் நாளே அதை முழு அளவில் எரியவிட்டான். பழைய விளக்கைவிட மங்கலாகத்தான் தெரிந்ததாம். நீல ஒளியை நம் கண் குறைத்தே மதிப்பிடும். பாசிகள் அவ்வாறு ஏமாறுவதில்லை. பதினைந்தே நாளில் பவளங்கள் வெளுத்தன. மிகுந்த ஒளியைத் தாங்காத பவளம் தன் பாசிகளை வெளியே தள்ளிவிடுகிறது. தனக்கு உணவளிப்பவனையே துரத்திவிட்டுப் பட்டினி கிடக்கிறது. 2016இல் மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறியபோதும் பவளங்கள் இவ்வாறே வெளுத்தன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ திருமடலின் 41ஆம் எண் பவளப்பாறைகளின் அழிவைப் பற்றியதே. நம்முள் எத்தனை பேர் அதை வாசித்தோம்?

“மாமா, நல்ல ஒளிதானே கொடுத்தேன்?” என்று தொலைபேசியில் கேட்டான்.

எனக்குப் பெத்சாய்தா ஊர்ப் பார்வையற்றவர் நினைவுக்கு வந்தார் (மாற்கு 8:22-26). ஆண்டவர் கைவைத்ததும் அவருக்கு மனிதர் நடமாடும் மரங்களைப் போலத் தெரிந்தனர். மீண்டும் கைவைத்த பின்னரே பார்வை தெளிந்தது. சீடர்களின் மெல்ல வளரும் விசுவாசத்துக்கு இது அடையாளம் என்பர் விரிவுரையாளர். சரியே. என்னை அதிகம் நிறுத்துவதோ அதற்கு முந்தைய வரி: ஆண்டவர் அவருடைய கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். கூட்டத்தின் நடுவில், ஒரே நொடியில், அவ்வளவு ஒளியையும் அவர்மேல் கொட்டவில்லை.

தமக்கை மகன் விளக்கை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்து, வாரந்தோறும் சிறிது உயர்த்தி வந்தான். மூன்று மாதத்தில் பெரும்பாலானவை நிறம் பெற்றன. இரண்டு மீளவேயில்லை.

பல ஆண்டுகள் ஆலயத்தை விட்டு விலகியிருந்தவர் ஒரு ஞாயிறு திருப்பலிக்கு வந்துவிட்டால், நம் அன்பியத்தார் மறுவாரமே வாசகம் வாசிக்க அழைக்கின்றனர். அடுத்த வாரம் பொறுப்பொன்றும் காத்திருக்கிறது. அதற்கடுத்த வாரம் அவரைக் காணோம். நல்லெண்ணத்தோடுதான் செய்கின்றனர். எங்கள் பங்கிலும் கடைசி வரிசையில் தூணோரம் அண்மைக் காலமாக ஒருவர் அமர்கிறார். பலிபூசை முடியுமுன்பே எழுந்து போய்விடுவார். அவரிடம் இப்போதைக்கு எதுவும் கேட்க வேண்டாம், புன்னகை போதும் என்று அன்பியப் பொறுப்பாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்குச் சற்று வருத்தந்தான்.