வீட்டின் அடியிலிருந்து வருவது

இவ்வார வேதபகுதி: லேவியராகமம் 14:33–53



வேதாகமத்தை ஆண்டுதோறும் தவறாமல் வாசித்து முடிக்கிறவர்கள்கூட, லேவியராகமம் பதினான்காம் அதிகாரத்தின் பிற்பகுதியைச் சற்று விரைந்தே கடந்துவிடுவதுண்டு. அது வீட்டுச் சுவரில் காணும் தோஷத்தைப் பற்றிய பகுதி. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ தழும்புகள் தோன்றி, அவை மேற்பரப்பைவிட ஆழமாய் இறங்கியிருந்தால் என்ன செய்யவேண்டும் என்று அங்கே படிப்படியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பலிகளையும் பண்டிகைகளையும் பற்றிப் பேசுகிற நூல், நடுவே கல்லையும் சாந்தையும் பற்றிப் பேசுகிறது. குடியிருக்கும் வீட்டின் சுவரும் ஆண்டவருடைய கரிசனைக்கு உட்பட்டதே என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அப்பகுதியில் என் மனத்தை நெடுநாளாகப் பிடித்து வைத்திருப்பது 35ஆம் வசனம். ஆசாரியன் வீடு வீடாகச் சென்று சுவர்களைச் சோதிப்பதாக அங்கே இல்லை. வீட்டுக்காரனே புறப்பட்டு வரவேண்டும். தன் வீட்டில் ஏதோ கோளாறு இருப்பதுபோல் தோன்றுகிறது என்று அவனே வாய்திறந்து சொல்லவேண்டும். அதன் பின்னரே மற்றவை எல்லாம் தொடங்குகின்றன. இந்தச் சிறிய ஒழுங்கில் எவ்வளவு பெரிய ஞானம் அடங்கியிருக்கிறது என்பதைக் கடந்த மழைக்காலத்துக்குப் பிறகு நம் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் வழியாகக் கண்டேன். அக்குடும்பத்தாரின் இசைவைப் பெற்றே அதை எழுதுகிறேன்.

தேங்காய்த்திட்டில் குடியிருக்கும் நமக்குத் தண்ணீரைப் பற்றி ஒருவரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. ஊரின் பெயரிலேயே திட்டு இருக்கிறது. ஒருபுறம் அரியாங்குப்பம் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரம். ஒருபுறம் அலையாத்திக் காடு. நடுவே மீன்பிடித் துறைமுகம். நிலத்தைச் சிறிது தோண்டினாலே உவர்நீர் ஊறுகிறது. கடல் ஏற்றத்தில் இருக்கும் வேளையில் பெருமழை பெய்தால், வாய்க்கால் நீர் வடிவதற்கு வழியின்றி வந்த வழியே திரும்புகிறது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் விடியலில் கரைகடந்த தானே புயலை நாம் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரைகடந்தபோது, 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. 2004ஆம் ஆண்டின் பழைய உச்சமான 21 சென்டிமீட்டரைப்போல் அது இரு மடங்குக்கும் மேல்.

நம் ஊர்க் கொத்தனார்கள் 'பேஸ்மட்டம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். குளிர்நாடுகளில் அச்சொல்லின் மூலம் நிலத்துக்குக் கீழே உள்ள அறையைக் குறிக்கும். நாமோ நிலத்துக்கு மேலே வீட்டைத் தூக்கி நிறுத்தும் மேடையை அப்பெயரால் அழைக்கிறோம். ஒரே சொல், எதிரெதிர்த் திசைகள். எனினும் நம் வீடுகளும் மெல்ல மெல்ல நிலவறைகளாகி வருகின்றன. காரணம், சாலைகள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய தார் போடப்போட, சாலை உயர்கிறது, வீடு தாழ்கிறது. அண்டையில் தமிழ்நாட்டு அரசின் தலைமைச் செயலாளர் 2021ஆம் ஆண்டில், பழைய பரப்பைச் சுரண்டிய பிறகே புதிய சாலை போடவேண்டும் என்று அறிவுறுத்தவேண்டிய அளவுக்கு இது பொதுவான துன்பமாயிற்று.

நான் சொல்ல வந்த தாயாரின் வீடும் அப்படிப்பட்டதே. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டியபோது சாலையிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே செல்லவேண்டும். இப்போது இரண்டு படி இறங்கவேண்டும். ஃபெஞ்சல் மழையில் அவ்வீட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. அண்டை வீட்டு மாடியில் மூன்று இரவுகள் தங்கினார்கள். தண்ணீர் வடிந்த பின்பும் ஓதம் வடியவில்லை. சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்தது. பூச்சு விரல்பட்டால் உதிர்ந்தது. பின்னறையில் கரும்பூஞ்சை படர்ந்தது. அந்தப் பின்னறையின் சுவர்களுக்கு அவர்கள் அடுத்த மாதமே ஆளுயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைங்க வர்றாங்க ஐயா. இந்த அறையிலதான் படுப்பாங்க. பார்க்க நல்லா இருக்கணும் இல்லீங்களா?" என்றார்கள். வெள்ளத்தைப் பற்றி மகனிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "வாசல் வரைக்கும் வந்துச்சு, போயிடுச்சுன்னு சொன்னேன். அங்க தனியா கஷ்டப்படுற பிள்ளை. இதையும் சொல்லி என்ன ஆகப்போகுது?"

மகன் பிரான்சில், லிமோஜ் நகரை அடுத்த ஒரு சிற்றூரில் குடும்பத்தோடு வசிக்கிறார். 1962ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட பாட்டனார்வழி வந்த உரிமை அவருக்கு உண்டு. நம்மில் பலருடைய குடும்பங்களுக்கு இக்கதை புதிதன்று. அவர் அங்கே ஒரு பழைய கல்வீட்டை வாங்கியிருந்தார். தாயாருக்காக ஜெபிக்கும்படி என்னை அழைத்துப் பேசிய ஒரு நாளில், குரலைத் தாழ்த்தி வேறொன்றையும் சொன்னார். வீட்டுப் பத்திரத்தோடு தரப்பட்ட தாள்களில் ரேடான் என்னும் வாயுவைப் பற்றிய அறிவிப்பு ஒன்று இருந்ததாம். "கையெழுத்துப் போட்டேன் ஐயா, படிச்சுப் பார்க்கல. இப்ப படிச்சதுல இருந்து தூக்கம் வரல. அம்மாவை இங்க அழைச்சுக்கலாம்னு கீழே உள்ள நிலவறையைத்தான் அறையா மாத்தி வச்சிருக்கேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

அந்த வாயுவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். நம் பிள்ளைகள் பலர் குளிர்நாடுகளில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். மண்ணிலும் பாறையிலும் சிறிதளவு யுரேனியம் எங்கும் உண்டு. அது சிதைந்து ரேடியமாகி, ரேடியத்திலிருந்து ரேடான் பிறக்கிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. திறந்த வெளியில் காற்றோடு கலந்து நீர்த்துப்போகும். குளிர்காலத்தில் கதவடைத்துச் சூடேற்றிய வீட்டிலோ, வெப்பக்காற்று மேலெழும்போது அடியிலுள்ள மண்ணின் காற்றை உள்ளே இழுக்கிறது. தரையின் விரிசல்களிலும் குழாய் நுழையும் சந்துகளிலும் ரேடான் ஏறி, நிலவறையில் தேங்குகிறது. அதில் பாதி 3.8 நாட்களில் சிதைந்து, தூசியில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கத் துகள்களாகிறது. அத்தூசி மூச்சோடு நுரையீரலில் தங்குகிறது. நுரையீரல் புற்றுநோய்க்கு, புகைப்பழக்கத்துக்கு அடுத்த முக்கியக் காரணம் இதுவே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. லிமோஜ் நகரைச் சூழ்ந்த லிமூசான் பகுதி கருங்கல் நிலம். அங்கே யுரேனியச் சுரங்கங்களும் முன்னாளில் இருந்தன. ஆகவே 2018 முதல் அத்தகைய ஊர்களில் வீடு விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் இவ்வாயுவைப் பற்றி அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

உலகம் இவ்வாயுவை வீட்டுக்குள் கண்டுகொண்ட விதமே வியப்பானது. 1984 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், புதிதாகக் கட்டப்பட்டு வந்த ஓர் அணுமின் நிலையத்தில் பணியாற்றிய பொறியாளர் ஒருவர் கதிரியக்கச் சோதனைக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அபாயமணி ஒலித்தது. நிலையமோ மின்சாரம் உண்டாக்கவே தொடங்கியிருக்கவில்லை. ஒருநாள் காலை, வேலைக்கு உள்ளே நுழையும்போதே அந்த மணி ஒலித்தது. அவர் கதிரியக்கத்தை நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வீட்டிலிருந்து நிலையத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். அவருடைய வீட்டில் இருந்த ரேடானின் அளவு, அந்நாட்டு அரசு பின்னர் வகுத்த எல்லையைவிட 600 மடங்குக்கும் மேல். அக்குடும்பம் வெளியேறியது, வீடு சீர்செய்யப்பட்ட பின் அதே வீட்டுக்குத் திரும்பியது. திரும்ப முடிந்தது என்பதையும் சேர்த்தே நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

நம் தேங்காய்த்திட்டில் நிலவறைகள் இல்லை. சன்னல்கள் பெரும்பாலும் ஆண்டு முழுதும் திறந்திருக்கின்றன. இவ்வாயு தேங்குவதற்கு இங்கே வாய்ப்பு குறைவு. ஆகவே இதை வாசித்துவிட்டு ஒருவரும் அஞ்சவேண்டாம். நமக்கு அடியிலிருந்து வருவது தண்ணீர். அவர்களுக்கு அடியிலிருந்து வருவது காற்று. இரண்டும் ஒரே விரிசலைத்தான் தேடுகின்றன.

இப்போது அந்தக் குடும்பத்தின் நிலையை எண்ணிப்பாருங்கள். தாய், பேரப்பிள்ளைகளுக்காக ஓதம் ஏறிய அறையை அழகுபடுத்துகிறார். மகன், தாய்க்காக நச்சுக்காற்று தேங்கக்கூடிய அறையை ஆயத்தம் செய்கிறார். ஒருவரையொருவர் உயிராய் நேசிக்கிற இருவரும், மற்றவர் மனம் நோகக்கூடாதென்று தம் வீட்டின் குறையை மறைக்கிறார்கள். அன்பினால் பிறந்த மறைவுதான். ஆனால் அந்த மறைவினால் ஆபத்தில் கிடத்தப்படுவது அதே அன்புக்குரியவர்கள். அந்தத் தாயாரின் இளைய பேரனுக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு உண்டு என்பதை நான் அறிவேன். எனக்கு வந்த இரண்டு இரகசியங்களையும் வெளிப்படுத்த எனக்கு உரிமையில்லை. ஆனால் இருவரிடமும் தனித்தனியே லேவியராகமப் பகுதியை வாசித்துக்காட்டி, "வீட்டுக்காரர்தாம் முதலில் சொல்லவேண்டும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு மாலை தாயார் சொல்லிவிட்டார்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை இரவுகள் வெளியே படுத்தார்கள் என்பதெல்லாம். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லையாம். பிறகு மகன் தம் வீட்டைப் பற்றிச் சொன்னார். "ரெண்டு பேரும் அழுதோம் ஐயா. அப்புறம் கணக்குப் போட ஆரம்பிச்சோம்" என்றார்கள் தாயார். ஜெபத்துக்குக் கிடைத்த பதில்களில் இதைவிட நேர்த்தியான ஒன்றை நான் கேட்டதில்லை.

அவர்கள் செய்தவை நம்மில் பலருக்கும் பயன்படும். வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கலாமா என்று முதலில் ஒரு பொறியாளரைக் கேட்டார்கள். சுவர்கள் நலிந்திருப்பதால் வேண்டாம் என்றார் அவர். அடுத்து, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்கள். தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, நாற்புறமும் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவைத்தார்கள். தாளின் அடிப்புறம் வியர்த்திருந்தது. ஈரம் நிலத்திலிருந்தே ஏறுகிறது. அப்படியானால் டைல்ஸ் அதைத் தடுக்காது; காய வழியின்றி இன்னும் மேலே ஏற்றிவிடும். ஆகவே ஒட்டிய டைல்ஸைப் பெயர்த்தார்கள். உப்பேறிய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தார்கள். சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு, நீர் ஏறாமல் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். கோடை முழுதும் காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். மணலும் ஜல்லியும் நிரப்பி, அதன்மேல் தடித்த பாலித்தீன் விரித்து, கான்கிரீட் இட்டுத் தரையை உயர்த்தினார்கள். வாசலில் திண்டு கட்டினார்கள். மின் இணைப்புகளை மார்பளவுக்கு ஏற்றினார்கள். சாக்கடை நீர் எதிரேறாதபடி குழாயில் ஒருவழி அடைப்பான் வைத்தார்கள். பேரப்பிள்ளைகள் அந்தக் கோடையில் வரவில்லை; அடுத்த கோடைக்கு என்று தள்ளிவைத்தார்கள்.

மகன் நிலவறையில் சிறிய அளவி ஒன்றைக் குளிர்காலத்தில் இரண்டு மாதங்கள் வைத்தார். பிரான்சில் வகுத்துள்ள எல்லை கன மீட்டருக்கு 300 பெக்கரல். உலக சுகாதார நிறுவனம் 100 என்கிறது. அவருடைய அறை 300ஐத் தாண்டியிருந்தது. விரிசல்களை அடைத்தார், அடைப்பது மட்டும் போதாது என்பதால், தரைக்கு அடியிலுள்ள காற்றை ஒரு குழாயும் சிறு விசிறியும் கொண்டு கூரைக்கு மேலே வெளியேற்ற ஏற்பாடு செய்தார். தாயாருக்கென்று மாடியில் ஓர் அறையை ஒழித்திருக்கிறார்.

மீண்டும் வேதபகுதிக்கு வருவோம். வீட்டுக்காரன் வந்து சொன்னவுடன் ஆசாரியன் செய்யும் முதற்காரியம் என்ன? தான் போய்ப் பார்க்கும் முன்னமே வீட்டிலுள்ள பொருள்களை வெளியே எடுத்துவைக்கச் சொல்லுகிறான். அவன் பார்த்துத் தீட்டென்று சொல்லிவிட்டால் பொருள்களும் தீட்டாகிவிடும் அல்லவா? ஏழையின் பாயும் பானையும் தப்பட்டும் என்று நியாயப்பிரமாணமே இடம் வைக்கிறது. பிறகு ஏழு நாள் பொறுத்திருக்கிறான். கெட்ட கற்களை மட்டும் பெயர்க்கச் சொல்லுகிறான். சுவரைச் சுரண்டிப் புதிதாய்ப் பூசச் சொல்லுகிறான். இடிப்பது கடைசியில்தான், வேறு வழியே இல்லாதபோது. குறையைச் சொல்ல வருகிறவனுக்கு முன்னே காத்திருப்பது தண்டனையன்று. அவனுடைய வீட்டைக் காப்பாற்றும் வழி.

பிரியமானவர்களே, இவ்வாரம் உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். அலமாரியை நகர்த்தி அதன் பின்னே உள்ள சுவரைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்யவேண்டியதைக் கோடையிலேயே தொடங்குங்கள். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகளிடம், வீட்டின் அடியிலுள்ள காற்றை அளந்தார்களா என்று கேளுங்கள். அவர்கள் உங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சுவருக்கு மட்டுமன்று, மனத்துக்கும் இது பொருந்தும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மழைவெள்ளத்தால் துன்புற்று, உதவி கேட்கக் கூசுகிறவர்கள் நம் சபையில் இருக்கிறார்கள். அவர்கள் வந்து சொல்லட்டும். நாம் பொருள்களை வெளியே எடுத்துவைக்கக் கைகொடுப்போம்.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, எங்கள் வீடுகளின் அடியில் உள்ளதையும் அறிந்திருக்கிறவரே, மறைப்பதில் அல்ல, சொல்லுவதில் எங்களுக்குத் தைரியம் தாரும். ஓதமேறிய வீடுகளில் உறங்கும் பிள்ளைகளின் மூச்சைக் காத்தருளும். தூரத்தில் இருக்கும் எங்கள் பிள்ளைகளோடு உண்மையாய்ப் பேச எங்கள் நாவைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.