மிளா, கூரன், ஈனாம்பேச்சி

திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலை.
'மான், மான்'னு ஒரு பையன் கத்துறான்.
'ம்லாவு மோனே'ங்கிறார் கூட வந்த பெரியவர்.
எங்க நாஞ்சில் நாட்டுல அந்தக் கடமானுக்குப் பேரு மிளா.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வேட்டைக்காரங்க வாயில புழங்கின பேருங்க எத்தனை!
அலங்கு, அதாவது எறும்புதின்னி, இங்க ஈனாம்பேச்சி.
குரைக்கிற மானுக்குப் பேரு கேழையாடு.
சருகுமான் இங்க கூரன். முயலை விடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். சருகுக்குள்ள அசையாம நின்னா கண்ணுக்கே தெரியாது.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட வேட்டைக்குத் தடை வந்தது. ரொம்ப நல்லது.
செதிலுக்காக அலங்கை இன்னும் கொல்றாங்களே, அதுதான் வயித்தெரிச்சல்.

ஆனா வேட்டை போனாலும் இந்தப் பேருங்க அழியக் கூடாதுங்க. காட்டைப் பக்கத்துல இருந்து பார்த்தவங்க பேச்சு இது.

உங்க ஊர்ப் பெரியவங்க காட்டுப்பன்னியை, மரநாயை என்னன்னு சொல்வாங்க?